கடைசி வேர்டு கோப்பு

பல்கலைக்கழக நூலகத்தில், ஆய்வுக் கட்டுரைகளை யாரும் இலவசமாகப் படிக்கும்படி சேர்த்துவைக்கும் இணையக் களஞ்சியப் பிரிவில் எனக்கு வேலை. பேராசிரியர்கள் கட்டுரையை அனுப்புவார்கள். அதை ஏற்றலாமா, கூடாதா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் வருவது இதழின் பெயர், பக்க எண் எல்லாம் போட்டு, இரண்டு பத்தியாகப் பிரித்து அழகாக அச்சுக்கோத்த பி.டி.எஃப். சந்தா இதழ் என்றால் அதைத்தான் பெரும்பாலும் ஏற்ற முடியாது.

“நான் எழுதினதை நானே போடக் கூடாதா?” என்று கேட்டார் ஒரு மூத்த பேராசிரியர்.

“எழுதினது நீங்கள்தான் சார். உரிமையைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டீர்களே” என்றேன். எப்போது, எதில் என்று அவருக்கு ஞாபகமே இல்லை.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. என் முதல் கட்டுரை ஏற்கப்பட்டபோது வந்த பதிப்புரிமை மாற்றுப் படிவத்தை, இருந்த சந்தோஷத்தில், ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்திட்டு அனுப்பியவன்தான் நானும். சில வருடம் கழித்து அதில் நான் வரைந்த ஒரு வரைபடத்தை ஒரு நூலின் அத்தியாயத்தில் சேர்க்க நினைத்தேன். நூலின் தொகுப்பாளர் அனுமதிக் கடிதம் கேட்டார். பழைய பதிப்பகத்தின் இணையதளத்தில் விண்ணப்பித்தேன். ‘விண்ணப்பிப்பவர் யார்?’ என்ற கேள்விக்கான விடைகளில் ‘இக்கட்டுரையின் ஆசிரியர்’ என்றே ஒன்று இருந்தது. என்னைப் போல் எத்தனை பேர் வந்திருந்தால் அப்படி ஒரு விடையைச் சேர்த்திருப்பார்கள்! கடைசியில் கட்டணம் பூஜ்யம் என்று ரசீது வந்தது. என் படத்தை நானே பயன்படுத்திக்கொள்ள ஒரு ரசீது.

(பேச்சுவாக்கில் பலரும் இதைக் காப்புரிமை என்கிறார்கள். பேட்டன்டுக்கும் அதே சொல் புழங்குவதால், நான் பதிப்புரிமை என்றே சொல்லிப் பழகிவிட்டேன்.)

பதிப்புரிமைக்காகப் பல நாடுகள் சேர்ந்து செய்துகொண்ட, 1886-இல் உருவான பெர்ன் உடன்படிக்கை 1908-இல் திருத்தப்பட்டபோதே, உரிமைக்காக எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை என்று ஆகிவிட்டது. எழுதியதுமே அது எழுதியவருடையது. நாமாக எழுதிக் கொடுத்தால்தான் கைமாறும். அப்போதும் பெயர் நம்முடையதாகவே இருக்கும். அந்தத் தார்மிக உரிமை 1928-இல் சேர்ந்தது. ஆனால் பெயர் இருப்பதாலேயே எல்லாம் நம்மிடம் இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம்.

சரி, பேராசிரியருக்கு என்ன வழி? ஒரு கட்டுரைக்கு மூன்று நிலை உண்டு: மதிப்பாய்வுக்கு அனுப்பியது, மதிப்பாய்வாளர்கள் கேட்ட திருத்தமெல்லாம் செய்து ஏற்கப்பட்டது, இதழ் அச்சுக்கோத்து வெளியிட்டது. நடுவில் உள்ளதைக் களஞ்சியத்தில் வைக்கப் பல பதிப்பகங்கள் விடுகின்றன, 12 மாதமோ 24 மாதமோ காத்திருக்கச் சொல்லி. எந்த இதழ் என்ன சொல்கிறது என்பதை, முன்பு ஷெர்பா ரோமியோ என்று இருந்த ‘ஓப்பன் பாலிசி ஃபைண்டர்’ தளத்தில் பார்த்துக்கொள்வேன். அது ஐந்து நிமிட வேலை.

அந்த நடுக் கோப்புதான் யாரிடமும் இருப்பதில்லை! அச்சான பி.டி.எஃப் வந்ததும் பழையதை யார் வைத்திருக்கிறார்கள்? பேராசிரியரின் கணினியில் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘ஃபைனல் புதுசு’ என்று ஏழு இருந்தன. ஏழும் மதிப்பாய்வுக்கு முந்தியவை. கடைசியில் இணை ஆசிரியரான அவருடைய பழைய மாணவியின் மின்னஞ்சலில் சரியானது கிடைத்தது. ஓரத்தில் ‘இந்த மதிப்பாய்வாளருக்கு இதுவும் புரியவில்லையா?’ என்று பேராசிரியரே எழுதிய குறிப்பு அழியாமல் இருந்தது. அதை நீக்கிவிட்டு ஏற்றினேன்.

யாரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிடும் திறந்த அணுக்க இதழ் என்றால் இந்தத் தொல்லை இல்லை என்பார்கள். அதிலும் ஒரு சிக்கல். யாரோ காசு பண்ணிவிடக் கூடாதே என்று, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் (மற்றவர்கள் எப்படிப் பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே அனுமதி தருபவை அவை) வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் ஒன்றைச் சிலர் தேர்ந்தெடுக்கிறார்கள். சில பதிப்பகங்களின் ஒப்பந்தத்தில், அப்படித் தேர்ந்தெடுத்தால் வணிக உரிமை முழுவதும் பதிப்பகத்துக்கே போய்விடும். யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று நினைத்தது ஒருவருக்கு மட்டும் போய்ச் சேர்கிறது.

போன மாதம் அதே பேராசிரியரிடமிருந்து மின்னஞ்சல். புதுக் கட்டுரை ஏற்கப்பட்டதாம். இணைப்பில் வேர்டு கோப்பும், கையெழுத்துப் போடாத படிவமும். படிவத்தின் நான்காம் பத்தியை மஞ்சளில் குறித்து, “இது என்ன சொல்கிறது?” என்று கேட்டிருந்தார்.