இன்னும் ரெண்டடி பின்னால

"இன்னும் ரெண்டடி பின்னால போங்க மாப்ள."

கல்யாண ஜோடிகளிடம் இதை எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கே கிடையாது. முட்டம் பாறையில் 2024 மே 5, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சொன்னது மட்டும் காதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

அவுட்டோர் ஷூட் அவசரம் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஐந்தரைக்கு மேல்தான் வெளிச்சம் மெத்தென்று இறங்கும், ஆறரைக்குள் போய்விடும். பெண்ணின் மேக்கப்பிலேயே அன்று பாதி நேரம் கரைந்திருந்தது. வேகமாக இறங்கிக்கொண்டிருந்தபோது, மேலே வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கூப்பிட்டார்.

"தம்பி, இன்னைக்குக் கடலு சரியில்ல கேட்டியா. கள்ளக்கடல் வருதுன்னு சொல்லியிருக்கு."

கடலைப் பார்த்தேன். காற்று இல்லை. ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவில் கடல் தூங்குகிற மாதிரி கிடந்தது. "பாத்துக்கிடுதேன் அண்ணே" என்றேன். அவர் மறுபடி குனிந்துகொண்டார்.

இன்னொரு தடவை அதட்டிச் சொல்லியிருக்கலாமே என்று அவர் மேல் எனக்குக் கொஞ்ச நாள் கோபம்கூட இருந்தது. அதட்டியிருந்தால் மட்டும் கேட்டிருப்பேனா? முன்பணம் வாங்கியாயிற்று, மேக்கப் போட்டாயிற்று, மறுநாள் மாப்பிள்ளைக்கு ஊருக்கு டிக்கெட்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்லவும் வழியில்லை. தெற்கே எங்கோ இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடிக்கிற புயற்காற்று கிளப்பிவிடும் அலை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் உருண்டு வந்து இங்கே ஏறும். நம் கரையில் காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. அதனால்தான் கள்ளன் என்று பெயர். அலைகளுக்கு நடுவே 15 விநாடிக்கு மேல்கூட இடைவெளி இருக்கும். கடல் சும்மா கிடக்கிறது என்று நாம் நினைப்பது அந்த இடைவெளியைப் பார்த்துத்தான். ஐதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் என்கிற கடல் தகவல் மையம் அன்றைக்கு எச்சரிக்கை விட்டிருந்தது. என் போனுக்கும் வந்தது. ஸ்டுடியோ குரூப்பில் அதை ஃபார்வர்டு செய்ததே நான்தான்.

ஜோடிக்கு முதுகு கடல் பக்கம். அசிஸ்டன்ட் தம்பி ரிஃப்ளெக்டரைப் பிடித்துக்கொண்டு அவர்களைப் பார்த்து நிற்கிறான். கடலைப் பார்த்து நின்ற ஒரே ஆள் நான்தான், அதுவும் லென்ஸ் வழியாக. நீள லென்ஸின் வேலையே தூரத்தைச் சுருட்டிக் காட்டுவது. எங்கோ உடைகிற அலை படத்தில் ஜோடியின் தலைக்கு மேல் எழுந்து நிற்கும். பத்து வருஷமாக அப்படி அலைகளையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அன்றைக்கு நிஜமாகவே எழுந்த அலை வித்தியாசமாகத் தெரியவில்லை. ஆகா, இதுதான் ஃப்ரேம் என்று நினைத்தேன். மூன்று கிளிக் அடித்தேன்.

நாலாவதுக்கு முன்னால் தண்ணீர் அவர்கள் இடுப்புக்கு வந்துவிட்டது. பெண் வெள்ளை கவுன் போட்டிருந்தாள். அத்தனை துணியும் ஈரத்தைக் குடித்துக் கல்லாகக் கனத்து, திரும்பி ஓடும் தண்ணீரோடு அவளை இழுத்தது. மாப்பிள்ளை ஒரு கையைப் பிடித்தார், தம்பி ரிஃப்ளெக்டரைப் போட்டுவிட்டுப் பாய்ந்து இன்னொரு கையைப் பிடித்தான். பாறைச் சிப்பி கீறி முழங்காலில் ரத்தம். வேறொன்றும் இல்லை. ரிஃப்ளெக்டர் மட்டும் தட்டு மாதிரி மிதந்து போயிற்று.

மேலே ஏறி உட்கார்ந்த பிறகு மாப்பிள்ளை கேட்டார்: "இன்னைக்கு இப்படி வரும்னு யாரும் சொல்லலையா அண்ணே?"

அந்தப் பெரியவர் இருபதடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். தம்பி வெறுங்கையோடு என்னைப் பார்த்தான்.

"கடல் இல்லையா மாப்ள, சொல்லிட்டா வரும்?" என்றேன்.

பொய் என்று முழுசாகச் சொல்ல முடியாது. அதுதான் உறுத்துகிறது. நடுங்கிக்கொண்டிருந்த பெண்ணின் முன்னால் வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று சில நாள் தோன்றும். மிச்சப் பணம் வர வேண்டியிருந்ததும் நினைவுக்கு வரும்.

மறுநாள் திங்கட்கிழமை, கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் அலையில் போனார்கள். கல்யாணத்துக்காக வந்த பிள்ளைகள். முட்டத்திலிருந்து அதிக தூரமில்லை. டிவியில் செய்தி ஓடும்போது தம்பி போன் செய்தான். "பாத்தீங்களா அண்ணே?" "பாத்தேன்." இரண்டு பேரும் கொஞ்ச நேரம் லைனிலேயே இருந்தோம்.

இப்போது பாறைக்குப் போனால் கேமராவை எடுப்பதற்கு முன் கால் மணி நேரம் சும்மா உட்காருகிறேன். ஈரத்தில் கறுத்த பாறை எதுவரை இருக்கிறதோ அதுவரைக்கும் அலை ஏறும், ஜோடி அதற்கு மேலேதான். தம்பி கடலைப் பார்த்து நிற்பான். ஆனால் அன்றைய மாதிரி நாளில் அந்தக் கோடும் பொய்யாகிவிடும், எனக்குத் தெரியும். எச்சரிக்கை வந்த நாளில் ஷூட்டையே தள்ளிப்போடுகிறேனா என்றால், ஒரு தடவை போட்டேன், ஒரு தடவை போடவில்லை.

இன்னொன்று. அலையைப் பெரிதாகக் காட்ட அவர்கள் பின்னால் போக வேண்டிய அவசியமே இல்லை. நாலு பாறை ஏறி நான் பின்னால் போய் ஜூமை இழுத்திருந்தால் அதே படம்தான் வந்திருக்கும். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. ஏறச் சோம்பலாகவும் இருந்தது.

அந்த மூன்றில் ஒன்றைத்தான் அவர்கள் ஆல்பத்தின் அட்டைக்குத் தேர்ந்தெடுத்தார்கள். பெண் சிரித்துக்கொண்டிருக்கிறாள், பின்னால் அலை சுவர் மாதிரி. போன வாரம் ஒரு பெண் அதைப் போனில் காட்டி, இதே மாதிரி வேண்டும் என்றாள்.

"இத எப்படி அண்ணே எடுத்தீங்க?"

"லென்ஸ்மா" என்றேன்.