த்ரோ-இன்னில் வாய் திறக்காததால் போன ஒரு வருடம்

போன ஞாயிற்றுக்கிழமைதான் கூடைப்பந்து நடுவர் தேர்வின் செய்முறைப் பகுதியில் ஒருவழியாகத் தேறினேன். இது இரண்டாவது தடவை. போன வருடம் எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண், ஓட்டத்திலும் பிரச்சினை இல்லை. என்னைக் கவிழ்த்தது த்ரோ-இன், அதாவது கோட்டுக்கு வெளியே நின்று பந்தை ஆட்டத்துக்குள் எறிவது. கோட்டுக்கு வெளியே நிற்கிறவனிடம் பந்தைக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதானே என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

அன்று காலையே சகுனம் சரியில்லை. அடையாள அட்டை நகலில் அரசு அதிகாரி கையெழுத்து வேண்டும் என்று பதிவு மேஜையில் திருப்பி அனுப்பினார்கள். விண்ணப்பத்தில் அப்படி ஒரு வரியே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை யாரைப் பிடிப்பது? தெரிந்த தலைமை ஆசிரியர் ஒருவர் வீட்டுக்கு ஆட்டோவில் ஓடி வாங்கி வந்தேன். அதற்குள் கூட்டாளி நடுவரோடு உட்கார்ந்து பேச வேண்டிய கால் மணி நேரம் போய்விட்டது. ஸ்கோர் எழுதுகிறவர்களின் டேபிளை யார் பார்ப்பது, 'ரெடி' என்பதை எப்படிச் சொல்லிக்கொள்வது, எதையும் பேசாமல் விசிலை மாட்டிக்கொண்டு இறங்கினேன். பேப்பரில் ஒரு கையெழுத்து குறைந்தால் அது த்ரோ-இன் வரைக்கும் வந்து நிற்கும் என்று யார் கண்டது?

முதல் குவார்ட்டரிலேயே ஆரம்பித்தது. கூடைக்குப் பின்னால் இருக்கும் எண்டு லைனில் பந்து வெளியே போனது. எடுத்தேன், கொடுத்தேன். அந்தப் பையன் கோட்டோரமாகவே நாலு எட்டு ஓடிவிட்டுப் பாஸ் கொடுத்தான். விசில் ஊதினேன். பாஸ்கெட் விழுந்த பிறகுதான் அப்படி ஓடலாம். மற்ற நேரத்தில் பக்கவாட்டில் மொத்தமே 1 மீட்டர், பின்னால் வேண்டுமானால் எவ்வளவும் போகலாம். "ஓடலாம்னு நினைச்சேன் சார்" என்றான். என் முடிவு சரிதான். ஆனால் இடைவேளையில் மதிப்பிட வந்த மூத்த நடுவர் கேட்டது ஒரே கேள்வி: "பந்தைக் கொடுக்கும்போது அவன்கிட்ட என்ன சொன்னீங்க?" ஒன்றும் சொல்லவில்லை. விசில் வாயிலேயே இருந்தது.

அடுத்தது, டேபிளில் ஆள் மாற்றத்துக்குப் பஸர் அடித்திருக்கிறார்கள். கூட்டாளி உள்ளங்கையை உயர்த்தி என்னை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. பந்தைக் கொடுத்து, திரும்ப வாங்கி, எல்லாரையும் நிற்க வைத்து... கேலரியில் சிரித்தது எனக்கே கேட்டது.

இதெல்லாம்கூடப் போகட்டும். கடைசி குவார்ட்டர், 40 வினாடி பாக்கி, ஒரு பாயின்ட் வித்தியாசம். பின்தங்கிய அணிக்கு சைடு லைனில் த்ரோ-இன். எதிரணிப் பையன் கோட்டைத் தாண்டிக் கையை நீட்டிவிட்டான். உடனே டெக்னிக்கல் ஃபவுல் கொடுத்தேன். பின்தங்கிய அணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ, அது உள்ளேயும் போய் ஸ்கோர் சமம். அந்தப் பையனின் கோச் கத்தவில்லை, கிட்டே வந்து மெதுவாகக் கேட்டார்: "வார்னிங் சிக்னல் காட்டினீங்களா சார்?"

நான் காட்டவில்லை. நாலாவது குவார்ட்டரிலோ ஓவர்டைமிலோ 2 நிமிடமும் அதற்குக் குறைவும் இருக்கும்போது, பந்தைக் கொடுக்கும் முன்பே கோட்டுக்கு இணையாகக் கையை அசைத்து, 'தாண்டாதே' என்று காட்டிவிட வேண்டும். அதற்கப்புறமும் தாண்டினால் நேராக டெக்னிக்கல். நடுவர் காட்ட மறந்திருந்தால் டெக்னிக்கல் கிடையாது. விசில் ஊதி எச்சரித்து, அதைக் கோச்சிடமும் சொல்ல வேண்டும். அந்த எச்சரிக்கை மீதி ஆட்டம் முழுக்க அந்த அணியில் எல்லாருக்கும் பொருந்தும். இதே கேள்வி அன்று காலை எழுத்துத் தேர்வில் வந்தது. சரியாக எழுதிவிட்டுத்தான் வந்திருந்தேன்!

அப்புறம் ஒரு வருடம் சாயங்காலங்களில் கல்லூரிப் பையன்களின் பயிற்சி ஆட்டங்களுக்கு விசில் ஊதினேன், காசு வாங்காமல். அங்கே படிந்த பழக்கம் இது. முதலில் கையை நீட்டித் திசை, கூடவே பந்து கிடைக்கிற அணியின் ஜெர்ஸி நிறம். "வொயிட் பால்." அணியின் பெயரோ "உங்க பால்" என்பதோ வேண்டாம், நாலு பேர் நாலு விதமாக எடுத்துக்கொள்வார்கள். பிறகு விரலால் இடத்தைக் காட்டி, "ஸ்பாட் தம்பி, நகராதே." காவல் நிற்கிறவனிடம், "கை லைனுக்கு உள்ளே." சிமென்ட் கோர்ட்டுகளில் காம்பவுண்டு சுவர் ஒட்டியே இருக்கும். கோட்டுக்கு வெளியே 2 மீட்டர் இடம் இல்லையென்றால் யாரும் எறிகிறவனுக்கு 1 மீட்டருக்குள் வரக்கூடாது, அதையும் அப்போதே சொல்லிவிடுவேன். 'ரெடி' என்று கூட்டாளியின் கட்டைவிரல் உயர்கிறதா என்று ஒரு பார்வை. இவ்வளவும் ஆனபிறகுதான் விசில் வாய்க்குப் போகும், பந்து கையை விட்டுப் போகும். கையில்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை, 4 மீட்டருக்குள் நின்றால் தட்டியும் விடலாம். பிறகு, எறிய அவனுக்கு இருக்கிற 5 வினாடியை அவனுக்குத் தெரிகிற மாதிரி கையால் எண்ணுவது. படிக்க நீளமாக இருக்கிறது, செய்தால் பந்தைக் கொடுக்கும் வரை சில வினாடிகள்தான்.

இந்தத் தடவை நகல், கையெழுத்து எல்லாம் மூன்று செட் எடுத்துப் போனேன். யாரும் கேட்கவே இல்லை. ஆட்டமும் போன வருடம் மாதிரியே கடைசி நிமிடத்துக்கு இழுத்தது. சைடு லைனில் பந்தோடு நின்று, கையை அசைத்து, "தாண்டினா டெக்னிக்கல்" என்று சொல்லிவிட்டுக் கொடுத்தேன். பந்தைத் தட்டப் பாய்ந்தவன் கோட்டருகே வந்ததும் சூடு பட்டவன் மாதிரி கையை இழுத்துக்கொண்டான். அவனுடைய கோச் பெஞ்சிலிருந்து, "டேய், சார்தான் சொன்னாருல்ல!" என்று அவனைத்தான் திட்டினார்.

சான்றிதழ் நேற்று வந்தது. இனிஷியல் தப்பு. திருத்த மறுபடி அதே மேஜைக்குப் போக வேண்டும், இந்த முறை நாலு செட்டாக.