பாதுகாப்புக் கட்டளை எடுத்த கதை

அந்தக் கட்டளை எடுக்க முதல், கணவர் அடித்ததற்காக இரண்டு தடவை பொலிசுக்குப் போயிருக்கிறேன். இரண்டு தடவையும் என் கணவரைக் கூப்பிட்டு, எனக்கு எதிரில் கதிரையில் இருத்தி, பிள்ளைகளை நினைத்து ஒத்துப் போகும்படி இரண்டு பேருக்கும் புத்தி சொல்லி, இனிமேல் கை நீட்ட மாட்டேன் என்று அவரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டார்கள். முதல் கையெழுத்து நாலு மாதம் தாங்கியது. இரண்டாவது மூன்று கிழமை.

மூன்றாவது தடவை நடந்தது ஒரு சனிக்கிழமை இரவு. விடியப்புறமே இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு திருகோணமலை உப்புவெளியில் இருக்கிற அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன். அக்கா தேத்தண்ணியைக் கையில் தந்துவிட்டு, "இந்த முறை கதைச்சுத் தீர்க்கிற வேலை இல்லை, முதல்ல 1938க்கு எடு" என்றா.

1938 இலங்கை அரசாங்கத்தின் பெண்கள் உதவி இலக்கம். தமிழிலேயே கதைத்தார்கள். நான் கதையைத் தொடங்கும் முன்பே அந்தப் பக்கம் இருந்த மிஸ் கேட்டது ஒன்றுதான்: "இப்ப நீங்கள் இருக்கிற இடத்துக்கு அவர் வரக்கூடுமா?" அதுவரைக்கும் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது. எல்லாரும் கேட்டது 'என்ன பிரச்சினை, ஏன் அடிச்சவர்' என்றுதான்.

அவர்தான் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தைப் பற்றிச் சொன்னார். அடித்தவர் என்னை நெருங்கக் கூடாது என்று நீதவான் நீதிமன்றத்தில் கட்டளை கேட்கலாம். அதற்கு விவாகரத்து எடுத்திருக்கத் தேவையில்லை. கணவர் மீது மட்டுமல்ல, அப்பா, அண்ணன், தம்பி என்று வீட்டு உறவுகள் மீதும் கேட்கலாம். பொறுத்துக்கொண்டு இருப்பது, இல்லாவிட்டால் பிள்ளைகளின் அப்பாவை மறியலுக்கு அனுப்புவது, இந்த இரண்டைத் தவிர வேறு வழி இல்லை என்றுதான் அத்தனை வருடமும் நினைத்திருந்தேன். இரண்டுக்கும் என்னிடம் பலம் இருக்கவில்லை.

சரி, முதலில் ஆஸ்பத்திரி. காயம் ஆற முதல் போகச் சொன்னார் அந்த மிஸ். போய் நின்றால், பழக்கதோஷத்தில் "படியில விழுந்திட்டன்" என்று வாயில் வந்துவிட்டது. எழுதிக்கொண்டிருந்த நேர்ஸ் பேனையை நிறுத்திவிட்டு, "உண்மையாவோ அம்மா?" என்றார். அந்தக் கேள்வியில்தான் உடைந்தேன். பிறகு ஆஸ்பத்திரிப் பொலிசில் பதிவு, சட்ட மருத்துவப் பரிசோதனைப் படிவம், அதைக் கொண்டுபோய் சட்ட வைத்திய அதிகாரியிடம். என் இடது மேற்கையில் மூன்று விரல் அடையாளம் இருந்தது. அவர் சின்ன அடிமட்டம் ஒன்றை ஒவ்வொரு தழும்புக்கும் பக்கத்தில் வைத்து அளந்தார். மூன்று சென்ரிமீற்றர், இரண்டரை, மூன்று. நிறம்கூட எழுதினார். ஆறு வருடமாக நீட்டுக் கைச் சட்டைக்குள் மறைத்து வந்ததை ஒருவர் அளவெடுத்து எழுதுகிறார் என்பதை என்னால் அப்போது நம்ப முடியவில்லை. சில ஆஸ்பத்திரிகளில் இதற்கென்றே 'நட்பு நிலையம்' என்று ஓர் அறை இருக்கிறது. வெளியில் இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, சும்மா ஒரு கிளினிக் போலத்தான் இருக்கும். அங்கே அரை மணித்தியாலம் அவசரமில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பொலிசில்தான் திரும்பவும் சிக்கல். எந்த நிலையம் என்று சொல்ல வேண்டாம். நான் தமிழில் சொல்ல, அங்கிருந்தவர் சிங்களத்தில் எழுதி முடித்துக் கையெழுத்து வைக்கச் சொன்னார். முதல் இரண்டு தடவையும் அப்படித்தான் வைத்தேன். இந்த முறை அக்கா பக்கத்தில் நின்றா. "வாசிச்சுக் காட்டுங்கோ சேர், பிறகு வைப்பா" என்று சொல்லிவிட்டு அசையாமல் நின்றா. கடைசியில் தமிழ் தெரிந்த ஒரு கொன்ஸ்டபிள் வந்து வாசித்தார். 'குடும்பத்துக்குள் ஏற்பட்ட வாய்த்தர்க்கம்' என்று இருந்தது. அவர் வயரால் அடித்ததைப் பற்றி ஒரு சொல்லே இல்லை. கழுத்தைப் பிடித்தது இல்லை.

மறுத்தேன். தமிழில் எழுதச் சொன்னேன். நேரம் எடுத்தது, அவர்களுக்குக் கோபமும் வந்தது, ஆனாலும் எழுதினார்கள். எங்கள் மாகாணத்தில் தமிழில் முறைப்பாடு கொடுப்பது யாரும் தருகிற சலுகை இல்லை, அது உரிமை. முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். அந்த இலக்கத்தை அக்கா தன் கைபேசியிலும் எழுதி வைத்தா.

திங்கட்கிழமை பிரதேச செயலகம். அங்கே பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் என்று ஒருவர் இருக்கிறார் என்பதே எனக்குத் தெரியாது. சமுர்த்திக்கும் வேறு அலுவலுக்கும் எத்தனையோ தடவை அந்த மேசையைக் கடந்து போயிருக்கிறேன். அவர் ஒரு கொப்பியை எடுத்து, நடந்ததையெல்லாம் திகதி வாரியாகச் சொல்லச் சொன்னார். எனக்குத் திகதி ஒன்றும் நினைவில் இல்லை. "அப்ப வேற என்ன நடந்தது எண்டு யோசியுங்கோ" என்றார்.

அப்படி யோசிக்கத் தொடங்கினால் எல்லாம் வந்தது. மகளின் புலமைப்பரிசில் சோதனைக்கு முதல் நாள். தீபாவளிக்கு உடுப்பு எடுத்து வந்த இரவு. சிவராத்திரி முடிந்து கோணேசப் பெருமான் நகர்வலம் வந்த நாட்களில் ஒன்று, சாமி எங்கள் சந்திக்கு வரும்போது நான் முகம் வீங்கிக் கதவுக்குப் பின்னால் நின்றேன். நல்ல நாள் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒரு அடி இருந்தது. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த அக்கா எழும்பி வெளியே போய்விட்டா.

அடி மட்டும் போதாது, மற்றதையும் சொல்லும்படி உத்தியோகத்தர் சொன்னார். பாங்க் அட்டையைப் பறித்து வைத்தது, போனை உடைத்தது, அம்மாவோடு கதைக்க விடாதது. மனதை வதைக்கிற கொடுமையும், பாரதூரமாகத் தொடர்ந்து நடந்தால் அந்தச் சட்டத்துக்குள் வரும். இதில் நான் தனி ஆளில்லை என்றும் சொன்னார். தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் எடுத்த ஆய்வில், திருமணம் செய்த அல்லது துணையோடு வாழ்ந்த பெண்களில் 20.4 வீதமானோர் துணையிடமிருந்து உடல் வன்முறையோ பாலியல் வன்முறையோ அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். ஐந்தில் ஒருவர். பின்னேரம் பஸ்ஸில் வரும்போது எங்கள் ஒழுங்கையில் உள்ள வீடுகளை மனதுக்குள் எண்ணிக்கொண்டே வந்தேன்.

சட்டத்தரணிக்குக் காசில்லை. சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு அனுப்பினார்கள். வருமான விபரம், அடையாள அட்டை, விவாகப் பதிவுச் சான்றிதழ், முறைப்பாட்டு இலக்கம், ஆஸ்பத்திரித் துண்டு, அந்தக் கொப்பி. மனுவை அவர்களே தயாரித்தார்கள், என்னிடம் காசு கேட்கவில்லை.

நீதிமன்றத்தில் என்னோடு வாங்கில் இருந்தவ கிண்ணியாவில் இருந்து வந்த ஒரு முஸ்லிம் அக்கா. அவவின் விவாகரத்து, முஸ்லிம்களின் விவாக வழக்குகளைப் பார்க்கிற காதி நீதிமன்றத்தில் நடக்கிறதாம், ஆனால் பாதுகாப்புக் கட்டளைக்கு இங்கேதான் வர வேண்டும், இந்தச் சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான். "பயப்படாதீங்க தங்கச்சி, அவரப் பாக்காம நீதவானப் பாருங்க" என்று என் முழங்கையைப் பிடித்தா. அவவின் கையும் குளிர்ந்துதான் இருந்தது.

அன்றைக்கே இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை கிடைத்தது. அவர் வீட்டுக்குள் வரக் கூடாது, என் வேலையிடத்துக்கு வரக் கூடாது, என்னோடு தொடர்புகொள்ளக் கூடாது. விசாரணைக்கு 14 நாட்களுக்குள் திகதி போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. போட்டார்கள், ஆனால் அவர் பக்கத்தில் தவணை கேட்டார்கள், இழுபட்டது. ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாள் சம்பளம் போனது. அந்த இடைவெளியில்தான் சொந்தக்காரர் படையாக வந்தார்கள், 'கேசை வாபஸ் எடு, கதைச்சுத் தீர்ப்பம்' என்று. மாமி காலில் விழப் பார்த்தா. பலர் கைவிடுவது இந்த நாட்களில்தான், அவர்களில் ஒருவரையும் நான் குறை சொல்ல மாட்டேன். வீட்டில் அரிசி முடிந்திருக்கும்போது சம்பளக்காரனை வெளியே நிறுத்திவிட்டு நிற்பது லேசில்லை. உடனடிப் பண உதவிக்கும் அதே நீதிமன்றத்தில் கேட்கலாம் என்பதை எனக்கு ஆரம்பத்திலேயே யாராவது சொல்லியிருக்க வேண்டும். மூன்றாவது தவணையில்தான் தெரிந்துகொண்டேன்.

கடைசியில் பாதுகாப்புக் கட்டளை ஒரு வருடத்துக்குக் கிடைத்தது. அதற்கு மேல் ஒரே தடவையில் கொடுக்க மாட்டார்கள். மீறினால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபா வரை தண்டம், அல்லது இரண்டும். பத்தாயிரம் என்பது 2005இல் எழுதிய தொகை, இன்றைக்கு அதைக் கூட்டத்தான் வேண்டும்.

இரண்டாம் மாதம் ஒரு இரவு அவர் வந்து கேற்றைத் தட்டினார். பொலிசுக்கு எடுத்தேன். முன்னர் பேரும் ஊரும் சொல்லி முடிக்கவே பத்து நிமிடம் போகும். அன்றைக்கு வழக்கு இலக்கத்தைச் சொன்னேன், அதன் பிரதி அவர்களிடமும் இருந்தது. இருபது நிமிடத்தில் வந்தார்கள். 'புருசன் பெண்சாதி விசயம்' என்று ஒருவரும் சொல்லவில்லை. கட்டளையை ரோச் வெளிச்சத்தில் பிடித்து அவருக்கு வாசித்துக் காட்டி, ஏற்றிக்கொண்டு போனார்கள். மகன் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கட்டளையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். ஒரு பிரதி அக்காவிடம், ஒன்று பிள்ளைகளின் பாடசாலை அதிபரிடம், ஒன்று எப்போதும் என் கைப்பைக்குள். முடிவதற்கு இன்னும் ஏழு கிழமை இருக்கிறது. நீடிக்கக் கேட்பதற்கு இப்போதே சட்டத்தரணியிடம் திகதி எடுத்துவிட்டேன். தாபரிப்பு வழக்கு அடுத்த புதன்கிழமை. கிண்ணியா அக்காவுக்கும் அதே நாள்தான், மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் சந்தித்துச் சேர்ந்து போவதாகக் கதைத்திருக்கிறோம்.