அன்னதானப்பட்டிக்கு வந்த படகு

மார்ச் மாதத்தில் ஒரு நாள், அடியில் பழைய டயர்களை அடுக்கி, ஐச்சர் வண்டியில் 17 அடி ஃபைபர் படகு ஒன்று என் ஷெட்டில் வந்து இறங்கியது. கடலும் காயலும் இல்லாத சேலத்தில் படகா என்று தெருவே எட்டிப் பார்த்தது. பெரியப்பா மகன் ஆலப்புழையில் வாடகைக்குப் படகு விடுகிறார். நாலு வருஷமாக ஒரு தென்னந்தோப்பில் மழையை வாங்கிக்கொண்டு கிடந்ததை விலைக்கு வாங்கி, "தம்பி, வயரிங்கும் பாட்டும் நீ பாத்துக்கோ. மத்ததை நம்ம ஊர் ஆளுங்களை வச்சு முடிச்சிடலாம்" என்று அனுப்பிவிட்டார். எனக்குக் கார் ஆடியோ தொழில். அதற்கு முன்னால் அப்பாவின் மைக் செட்டில் வயர் சுற்றியவன்.

பாட்டு வேலையை ஒரு மாதம் தொடவே முடியவில்லை. எஞ்சினைத் தாங்கும் பின்சுவருக்கு டிரான்சம் என்று பெயர். லாரி மட்கார்டு முதல் கோயில் வாகனம் வரை ஃபைபரில் செய்கிற பெரியவர் ஒருவர், சின்னச் சுத்தியால் அதைத் தட்டிக்கொண்டே போனார். ஓரங்களில் டக் டக். நடுவில், எஞ்சின் போல்ட் ஓட்டைகளைச் சுற்றி, பொத் பொத். "உள்ள இருக்கிற பிளைவுட் ஊறிப்போச்சு கண்ணு. இதுல எஞ்சினை மாட்டினா பிச்சுக்கிட்டுத் தண்ணிக்குள்ள போயிரும்" என்றார். உள்பக்கத் தோலை வெட்டி எடுத்ததும் கையை விட்டுப் பார்த்தேன். பலகை, ஊறவைத்த புளி மாதிரி விரலோடு வந்தது. யாரோ ஓட்டை போட்டவர் அதன் உட்சுவருக்கு ரெசின், அதாவது ஃபைபரை இறுக்கும் பசை, பூசாமல் விட்டிருக்கிறார். அந்த வழியாகத்தான் தண்ணீர் இறங்கியிருக்கிறது.

ஐ.எஸ். 710 முத்திரை பார்த்து மெரைன் பிளை வாங்கி, இரண்டு பலகையை ஒன்றாக ஒட்டி, மேலே ஃபைபர் மேட் வைத்து ரெசின் பூசினோம். ரெசினை இறுக வைக்கும் ஹார்டனரை 2 சதவீதம் கலந்தபோது, ஏப்ரல் வெயிலில் ரெசின் டப்பாவிலேயே இறுகிச் சூடேறிப் புகைந்தது. மறுநாளிலிருந்து விடியற்காலை 5 மணிக்கு ஆரம்பித்தோம், 1 சதவீதம் மட்டும். பெரியவர் பிரஷ்ஷை வைத்துக் குத்திக் குத்திக் காற்றுக் குமிழை வெளியேற்றுகிற பொறுமையை நான் மறக்க மாட்டேன்.

எஞ்சின் 40 ஹெச்.பி., டூ ஸ்ட்ரோக். கார்புரேட்டரைச் சுத்தம் செய்து, எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் இழுக்கும் ரப்பர் இம்பெல்லரை மாற்றி, தண்ணீர் டிரம்முக்குள் இறக்கி ஓட்டியதும் பக்கத்துத் துளையில் தண்ணீர் பீச்சியடித்தது.

இனி என் வேலை. பழைய வயர் ஒன்றை வெட்டிப் பார்த்தேன். வெளித்தோல் புதுசு போல இருக்கிறது, உள்ளே செம்பு கரிக்கட்டை. இன்னும் ஒரு சாண் தள்ளி வெட்டினேன், அங்கேயும் கறுப்பு. உப்பீரம் வயரின் நுனியில் நுழைந்து இழை இழையாக உள்ளே ஏறுகிறது. வீட்டில் பித்தளை அண்டாவுக்கு ஈயம் பூசுவோமே, அதே போல ஒவ்வொரு இழைக்கும் வெள்ளீயம் பூசிய செம்பு வயர்தான் படகுக்கு நிற்கும். ஸ்பீக்கரில் கொஞ்சம் குறைத்தாலும் குறைக்கலாம், வயரில் குறைக்கக் கூடாது. அண்ணனிடமும் இதைத்தான் சொல்லிப் பணம் வாங்கினேன்.

காரில் பாடியே எர்த், கரண்ட் அந்த இரும்பு வழியாகவே பேட்டரிக்குத் திரும்பிவிடும். ஃபைபர் படகில் அது நடக்காது. ஒவ்வொரு விளக்குக்கும், ஒவ்வொரு கருவிக்கும் நெகட்டிவ் வயர் தனியாகத் திரும்பி வர வேண்டும். அதனால் தூரமும் இரட்டிப்பு. பின்னால் பேட்டரி, முன்னால் டேஷ்போர்டுக்கு அடியில் ஆம்ப்ளிஃபையர்: போக 4 மீட்டர், வர 4 மீட்டர். 2.5 சதுர மி.மீ. வயரில் 30 ஆம்பியர் ஓடினால் ஏறக்குறைய 1.8 வோல்ட் வழியிலேயே போய்விடும். 16 சதுர மி.மீ. போட்டேன், இழப்பு 0.3 வோல்ட்டுக்குள் அடங்கியது. பேட்டரியிலிருந்து 7 அங்குலத்துக்குள் ஃப்யூஸ். ஆம்ப்ளிஃபையரைப் பெட்ரோல் டேங்க் பக்கம் வைக்கவே கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், படகின் அடியில் போய்த் தேங்கி நிற்கும், ஒரு பொறி போதும். இந்த எஞ்சின் தரும் சார்ஜும் சொற்பம் என்பதால், பாட்டுக்கென்று தனி பேட்டரி வைத்தேன். பாட்டுக் கேட்டு முடித்தபின் ஸ்டார்ட் ஆகாமல் யாரும் நடுக்காயலில் நிற்கக் கூடாது.

ஸ்பீக்கர் தேர்வில் அப்பாதான் குரு. ஆடி மாதம் மாரியம்மன் பண்டிகைக்குத் தென்னை மரத்தில் கூம்பு கட்டும்போது சொல்வார்: "சுவர் இல்லாத இடத்துல சத்தம் திரும்பி வராதுடா, ஆள் இருக்கிற பக்கம் திருப்பிக் கட்டு." திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் விழும். காரில் கண்ணாடியும் கூரையும் செய்கிற உதவி படகில் கிடையாது; பேஸ் முழுக்கக் காற்றோடு போய்விடும். அதனால் 6.5 அங்குல மெரைன் ஸ்பீக்கர் நாலையும் பக்கச் சுவரில் தாழ்வாக வைக்காமல், உட்கார்ந்திருப்பவர் காதைப் பார்க்கும்படி சாய்வுப் பெட்டி செய்து பொருத்தினேன். பெட்டிக்கும் ஃபைபர்தான், பெரியவர் கைவேலை.

எல்லாம் முடிந்து டிரம்மில் எஞ்சினை ஓட்டிக்கொண்டே பாட்டுப் போட்டால், பின்னணியில் ஒரு "உய்ய்ங்". ஆக்ஸிலேட்டர் ஏற ஏற அதுவும் ஏறியது. இரண்டு ராத்திரி தேடினேன். பிளேயரிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் சிக்னல் வயர், எஞ்சின் சார்ஜ் வயரை ஒட்டியே ஓடியிருந்தது. அதைப் படகின் எதிர்ப்பக்கம் மாற்றி, பிளேயர், ஆம்ப்ளிஃபையர் இரண்டின் நெகட்டிவையும் ஒரே இடத்தில் சேர்த்ததும் சத்தம் அடங்கியது. பக்கத்து வீட்டு அக்கா மாடியிலிருந்து, "இப்பத்தான் தம்பி பாட்டு பாட்டா கேக்குது" என்றார்.

மே கடைசியில் படகு பாலக்காடு வழியாகப் போய்ச் சேர்ந்தது. நேற்று அண்ணன் போன் செய்தார். எஞ்சின் முழு வேகத்தில் போகும்போதும் முன்சீட்டில் பாட்டுவரி தெளிவாகக் கேட்கிறதாம். வெயிலில் மட்டும் பிளேயர் திரை தெரியவில்லை என்கிறார். அதற்கு மேலே ஒரு சின்ன ஃபைபர் குடை செய்து தரப் பெரியவரிடம் அளவு கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு ஆலப்புழைக்கு ரயிலேறுகிறேன்.