அந்தப் பெட்டியில் ‘இல்லை’ என்று எழுதினேன்

2023 சித்திரை வருடப்பிறப்பு லீவுக்குத் திருகோணமலை உவர்மலை வீட்டுக்கு வந்திருந்தேன். பலகாரத் தட்டு ஒரு பக்கம், லப்டொப் மறுபக்கம். போரும் நோயும் உள்ள நாடுகளுக்கு வைத்தியர்களை அனுப்பும் எம்.எஸ்.எஃப். எனப்படும் எல்லைகளற்ற வைத்தியர்கள் அமைப்புக்கான விண்ணப்பத்தை நிரப்பத் தொடங்கி, இரண்டாவது பெட்டியிலேயே மாட்டிக்கொண்டேன். ‘கடைசிப் பெயர்’ என்ன என்று கேட்டிருந்தது. நமக்கு ஏது கடைசிப் பெயர்? அப்பாவின் பெயரைப் போட்டேன். அன்றிலிருந்து வந்த மின்னஞ்சல் ஒவ்வொன்றும் ‘அன்புள்ள டொக்டர்’ என்று சொல்லி அப்பாவின் பெயரையே விளித்தது. மீன்பிடிச் சங்கத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். ஒரு நாள் என் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்துவிட்டு, “என்ன மகன், எனக்கு வேலை கிடைச்சிட்டுதோ?” என்று கேட்டார்.

இன்னும் கொஞ்சம் கீழே ‘தொண்டர் அனுபவம்’ என்று ஒரு பெட்டி இருந்தது. அதில் ‘இல்லை’ என்று எழுதினேன்.

எனக்கு இந்த ஆசை எப்போது வந்தது என்று கேட்டால் 2004 டிசம்பர் 26க்குத்தான் போகவேண்டும். சுனாமிக்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தோம். தகரம் வெட்டிய காலோடு கூடாரத்துக்குப் போனேன், ஒரு வெள்ளைக்கார டொக்டர் பார்த்தார். அவர் கேட்பதைத் தமிழாக்கிச் சொன்னவர் எங்கள் பகுதியில் ரியூஷன் கொடுத்த மாஸ்டர். டொக்டர் நீளமாகக் கேட்பார், மாஸ்டர் “நோகுதோ?” என்பார். நான் ஊசிக்குப் பயந்து கதை கதையாகச் சொல்வேன், மாஸ்டர் “யெஸ்” என்பார். அந்த வெள்ளைக்காரர் எந்த நாடு, எந்த அமைப்பு, ஒன்றும் தெரியாது. ஆனால் உதவி என்றால் வெளியிலிருந்து வருவது, வாங்குவது நாங்கள் என்ற கணக்கு அன்றைக்கே தலைக்குள் ஏறிவிட்டது. அந்தக் கணக்கோடுதான் இத்தனை வருடம் கழித்து விண்ணப்பத்தையும் நிரப்பினேன்.

இதற்கு முன் வேறு வழிகளும் பார்த்தேன். லிவர்பூலில் வெப்பமண்டல மருத்துவ டிப்ளோமா மூன்று மாதம். 1898இல் தொடங்கிய பள்ளி, மலேரியாவுக்கும் நுளம்புக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்த ரொனால்ட் ரோஸ் படிப்பித்த இடம். பாங்கொக்கில் மகிடோல் பல்கலைக்கழகத்தில் ஆறு மாதம். பெருவின் லீமாவில் கோர்காஸ் படிப்பு ஒன்பது வாரம். எல்லாம் நல்ல படிப்புகள்தான், எல்லாவற்றுக்கும் கட்டணம் வெளிநாட்டுக் காசில். நான் சேமிக்கத் தொடங்கியபோது டொலர் இருநூறு ரூபாய். 2022 மே மாதம் 360. சேமிப்புப் புத்தகத்தில் இலக்கம் குறையவில்லை, படிப்புத்தான் தூரப் போய்விட்டது.

அப்புறம், காசு வாங்கிக்கொண்டு தொண்டு செய்யக் கூட்டிப்போகும் கம்பனிகள் இருக்கின்றன. மட்டக்களப்பில் மூன்றாம் வருடம் மருத்துவம் படிக்கும் சித்தியின் மகன் ஒரு விளம்பரத்தை அனுப்பி, “அண்ணா, இது நல்லமோ?” என்று கேட்டிருந்தான். ஆபிரிக்காவில் இரண்டு வாரம், கட்டணம் டொலரில், மாணவர்களும் தையல் போடலாம், பிரசவம் பார்க்கலாம் என்று போட்டிருந்தது. “மட்டக்களப்பில உன்னைத் தனியாப் பிரசவம் பார்க்க விடுவினமோ?” என்று கேட்டேன். “இல்லை.” “அப்ப அங்கத்தைத் தாய்மார் மட்டும் என்ன பாவம் செய்தவை?” அதோடு பேச்சு முடிந்தது.

அவன் நிலையில் இருப்பவர்களுக்கு எம்.எஸ்.எஃப். சரிவராது. மாணவர்களை அவர்கள் களத்துக்கு எடுப்பதில்லை. டொக்டருக்கே உள்ளகப் பயிற்சிக்குப் பிறகு ஏறத்தாழ இரண்டு வருட வேலை இருக்கவேண்டும். சத்திரசிகிச்சை நிபுணர், மயக்க மருந்து நிபுணர் என்றால் சில வாரத்துக்குப் போய் வரலாம். என்னைப் போன்ற சாதாரண எம்.ஓ., அதாவது நிபுணரல்லாத ஆஸ்பத்திரி டொக்டர், முதல் தடவை போவதென்றால் ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை ஒதுக்கவேண்டும். மாணவனுக்கு வேறு கதவுகள் உண்டு. ஐ.எஃப்.எம்.எஸ்.ஏ. என்ற உலக மருத்துவ மாணவர் சம்மேளனத்தின் பரிமாற்றத் திட்டத்தில் பெரும்பாலும் நான்கு வாரம் வேறு நாட்டு ஆஸ்பத்திரியிலோ ஆய்வுகூடத்திலோ இருக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தில் ஆறு முதல் 24 வாரம் வரை இன்டர்ன்ஷிப் இருக்கிறது. இருபது வயதும் பல்கலைக்கழகத்தில் மூன்று வருடமும் முடிந்திருக்கவேண்டும். முன்பெல்லாம் கைக்காசில் ஜெனீவாவில் இருக்கவேண்டும் என்பதால் வசதியான பிள்ளைகளே போனார்கள், 2020இலிருந்து உதவித்தொகை கொடுக்கிறார்கள். வீட்டிலிருந்தே செய்வதற்கு ஐ.நா. தொண்டர் அமைப்பின் இணையவழித் தொண்டு. அது பதினெட்டு வயதிலிருந்தே முடியும். தம்பி இப்போது அதில் யாருக்கோ சுகாதாரத் துண்டுப்பிரசுரம் தமிழாக்கிக்கொண்டிருக்கிறான்.

சரி, என் கதைக்கு வருகிறேன். விண்ணப்பத்தை அனுப்ப முன் அம்மாவுக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டினேன். தொண்டர் அனுபவம் இல்லை என்ற இடத்தில் அம்மா நிறுத்தினார்.

“கிண்ணியாவுக்கு நீ போகேல்லையோ?”

“அது சிரமதானம் அம்மா.”

“அப்ப சிரமதானத்துக்கு உனக்குச் சம்பளம் தந்தவங்களோ?”

2017 மார்ச்சில் கிண்ணியாவை டெங்கு போட்டு ஆட்டிய நேரம். இறுதிப் பரீட்சை முடிந்து உள்ளகப் பயிற்சி நியமனத்துக்குக் காத்திருந்தவர்களில் நானும் ஒருவன். பி.எச்.ஐ. எனப்படும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவரோடு வீடு வீடாகப் போய்க் கிணறு, தண்ணீர்த் தொட்டி, பிரிட்ஜின் பின்தட்டு என்று நுளம்புப் புழு தேடினோம். சிரட்டையும் யோகட் கப்பும் பொறுக்கினோம். வாசலில் நின்று எத்தனை நாள் காய்ச்சல் என்று கேட்டு, மூன்றாம் நாள் என்றால் இரத்தம் பார்க்க அனுப்பினோம். காய்ச்சல் விட்டதும் பிள்ளை சுகமாகிவிட்டது என்று தாய்மார் நினைப்பார்கள். டெங்குவில் ஆபத்தான கட்டம் தொடங்குவதே அந்த நேரத்தில்தான். அதைச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியது. அந்த வருடம் நாடு முழுவதும் ஒன்றே முக்கால் இலட்சத்துக்கு மேல் நோயாளர்கள். நான் ‘இல்லை’யை அழித்துவிட்டு நாலு வரி எழுதினேன். எழுதும்போதுகூட வெட்கமாகத்தான் இருந்தது, யோகட் கப் பொறுக்கியதையெல்லாம் இங்கிலீசில் எழுதுகிறோமே என்று.

ஆறு வாரம் கழித்து எழுத்துத் தேர்வு வந்தது. முதல் கேள்வியே என்னை விழுத்திவிட்டது. ஐந்து வயதுப் பிள்ளை, காய்ச்சல், வலிப்பு, வெளிறிய கண், மலேரியா உள்ள ஊர். நான் வாழ்க்கையில் ஒரு மலேரியா நோயாளியைத் தொட்டதில்லை. இலங்கையில் உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில். 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழும் கிடைத்துவிட்டது. மூதூர்ப் பக்கம் வளர்ந்த என் அம்மாவுக்குச் சின்ன வயதில் எத்தனை தடவை மலேரியா வந்தது என்று அவருக்கே கணக்கில்லை. குளோரோகுயின் என்ற மலேரியா மாத்திரையின் பெயரைக் கேட்டாலே இன்றைக்கும் முகத்தைச் சுளிப்பார். மகனுக்கு அது புத்தகத்தில் ஒரு பாடம்.

சேலைனைப் பார்த்துப் பார்த்துக் கொடுப்பேன் என்று எழுதினேன், டெங்குப் பழக்கம். அது சரியாம். பிள்ளையின் இரத்தச் சீனியைப் பார்ப்பேன் என்று எழுத மறந்துவிட்டேன். கடும் மலேரியாவில் சீனி கீழே போகும், வலிப்புக்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம். திருத்தியவர் அதை மட்டும் ஒரு வரியில் குறித்து, ஒரு மாதம் கழித்துத் திரும்ப எழுதச் சொல்லியிருந்தார். அந்த மாதம் முழுக்க அவர்களுடைய சிகிச்சை வழிகாட்டியை ஃபோனில் வைத்துப் படித்தேன். அது யாருக்கும் இலவசம், விண்ணப்பிக்காதவர்களும் பதிவிறக்கலாம். கடும் மலேரியாவுக்கான ஊசி மருந்து ஆட்டிசுனேட் கிலோவுக்கு 2.4 மில்லிகிராம், இருபது கிலோவுக்குக் குறைந்த பிள்ளைக்கு 3, தொடக்கத்தில், 12 மணித்தியாலத்தில், 24 மணித்தியாலத்தில். நைட் டியூட்டியில் இதை முணுமுணுத்துக்கொண்டு திரிந்ததைப் பார்த்த தாதி மிஸ்ஸி, “டொக்டர் மந்திரம் சொல்றார்” என்று அட்டெண்டனிடம் சொன்னாராம்.

நேர்முகம் வீடியோவில். சனிக்கிழமை பின்னேரம், கரண்ட் போய்விடுமோ என்ற பயத்தில் ஃபோனையும் சார்ஜில் வைத்திருந்தேன். பேசியவர் ஒரு பெண் டொக்டர். நான் ஆய்வு, டிப்ளோமா, மாநாடு என்று ஏதாவது கேட்பார் என்று தயார் செய்திருந்தேன். அவர் கேட்டது, “இரவில் லாப் இல்லை, பாம்பு கடித்தவர் வந்திருக்கிறார். விஷம் ஏறியிருக்கிறதா என்று எப்படி அறிவீர்கள்?”

இது நான் வாரத்துக்கு ஒரு தடவையாவது செய்கிற வேலை. எங்கள் ஆஸ்பத்திரி வயல் காட்டுக்கு நடுவில். அறுவடை நேரம் கடிபட்டவரோடு அடித்த பாம்பையும் ஷொப்பிங் பையில் போட்டுக் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். சில நேரம் அது முழுதாகச் செத்திருக்காது. இரண்டு மில்லிலீற்றர் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, இருபது நிமிடம் ஆட்டாமல் அசைக்காமல் வைக்கவேண்டும். பிறகு ஒரே ஒரு தடவை சாய்த்துப் பார்க்கவேண்டும். உறைந்திருந்தால் குழாயோடு ஒட்டி நிற்கும். தண்ணீராக ஓடினால் புடையன் பாம்பின் விஷம் இரத்தத்தைக் கெடுத்துவிட்டது என்று அர்த்தம். குழாய் கண்ணாடியாக இருக்கவேண்டும், பிளாஸ்டிக் சரிவராது. சவர்க்காரம் போட்டுக் கழுவிய குழாயும் பொய் சொல்லும். அதனால் எங்கள் பழைய மிஸ்ஸி ஒருவர் புதுக் குழாய்களை மருந்து அலுமாரியில் வைக்காமல் தன் மேசை லாச்சியில் பூட்டி வைப்பார். ஒரு எம்.ஓ. மாற்றலாகிப் போனால் அடுத்தவரைக் கூப்பிட்டு அந்தத் திறப்பைக் காட்டுவார்.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். விஷமுறிவு மருந்து இந்தியாவிலிருந்து வருவது, எங்கள் ஊரில் அதிகம் கடிக்கும் கூர்மூக்குப் பாம்புக்கு அது கேட்காது, அதனால் செத்த பாம்பின் மூக்கைத்தான் முதலில் பார்ப்பேன் என்றும் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். பிறகு, மொழிபெயர்ப்பாளர் வைத்து வேலை செய்திருக்கிறீர்களா என்று கேட்டார். சிங்களக் கிராமங்களிலிருந்து வரும் நோயாளிகளோடு முதல் ஆறு மாதம் அட்டெண்டன் வழியாகவே கதைத்ததைச் சொன்னேன். நோயாளி ஐந்து நிமிடம் சொன்னதை அவர் இரண்டு சொல்லில் சொன்னால் விடக்கூடாது, மிச்சத்தை எங்கே வைத்தாய் என்று திரும்பக் கேட்கவேண்டும் என்றேன். ரியூஷன் மாஸ்டர் நினைவுக்கு வந்தார். அதை அவருக்குச் சொல்லவில்லை.

தெரிவுப் பட்டியலில் பெயர் வந்தது. பெயர் வந்தாலும் உடனே பயணம் இல்லை. பொருத்தமான இடம் கிடைக்கும்வரை காத்திருக்கவேண்டும். எனக்கு ஏழு மாதம். காத்திருந்த காலம் முழுக்க நான் கடிதக் கட்டுகளோடு அலைந்ததால் அது ஏழு மாதம் போலத் தெரியவில்லை. பட்டச் சான்றிதழில் இனிஷியல், கடவுச்சீட்டில் முழுப்பெயர், பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயரில் ஒரு எழுத்து அதிகம். மூன்றும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி முடித்தேன். தொழிலில் என் மேல் குற்றம் எதுவும் இல்லை என்று சொல்லும் மருத்துவ சபையின் நன்னிலைச் சான்றிதழுக்கு இரவு ரயிலில் கொழும்பு. அதை முன்கூட்டியே எடுத்து வைத்துப் பயனில்லை, சில மாதத்தில் பழசாகிவிடும். இடம் உறுதியாகும் நேரம் பார்த்து எடுங்கள்.

எல்லாவற்றையும் விடச் சம்பளமற்ற விடுமுறைதான் உயிரை எடுத்தது. ஒரு அலுவலகத்தில் என் கோப்பு மூன்று மாதம் அசையவில்லை. கேட்டால் “மேலே போயிருக்கு தம்பி” என்பார் அங்கிருந்த அக்கா. “மேலே எங்கே அக்கா?” என்று ஒரு நாள் கேட்டேன். அவர் மேலே பார்த்தார், நானும் பார்த்தேன், ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. கடைசியில் கோப்பு அவருடைய மேசைக்குக் கீழேயே, வேறொருவருடைய ஓய்வூதியக் கட்டோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. அனுப்பும் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு பிரதியில் திகதியோடு முத்திரை வாங்கி வைத்திருங்கள். நான் வைத்திருந்தேன், அதனால் தப்பினேன்.

இடம் தென்சூடான். டிக்கட், தங்குமிடம், காப்புறுதி எல்லாம் அவர்கள் பொறுப்பு. மாதாமாதம் ஒரு தொகையும் தருகிறார்கள், பெரிதில்லை, கடன் கட்டப் போதும். மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் போட்டேன். பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னால் போடவேண்டும். ஒரு தடவை போட்டால் அந்த அட்டை ஆயுளுக்கும் செல்லும்.

கடைசி அலுவல் திருகோணமலையிலேயே. மலேரியா தடை இயக்கம் வெளிநாடு போகிறவர்களுக்குத் தடுப்பு மாத்திரையை இலவசமாகவே கொடுக்கிறது. அங்கிருந்த அலுவலர் அம்மாவின் வயதுக்காரர். மாத்திரைகளை எண்ணி உறையில் போட்டு, பெயரைப் பதிய கடவுச்சீட்டை வாங்கிப் பார்த்தார். “கடைசிப் பெயர் எது தம்பி?” என்றார். அப்பாவின் பெயரைச் சொன்னேன். எழுதிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“திரும்பி வந்தவுடனே இங்க வந்து இரத்தம் குடுக்கவேணும். வீட்ட போய்க் குளிச்சிட்டு வாறன் எண்டு சொல்லாதேயும். நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். நீர் அங்கயிருந்து கொண்டுவந்து இங்க நுளம்புக்குக் குடுத்திடாதேயும்.”