கணக்கில் எழுதாத கூலி

திருப்பூரில் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனி 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கோடு பூட்டியது. மே மாதம் ஊர் வந்து சேர்ந்தேன். திரும்பக் கூப்பிடுவார்கள் என்று ஆடி வரைக்கும் காத்திருந்ததுதான் மிச்சம். பைக் தவணையை ஆகஸ்ட் வரை தள்ளிப்போடலாம் என்று ரிசர்வ் வங்கி சலுகை கொடுத்திருந்தது. தவணை நின்றது, வட்டி நிற்கவில்லை.

ஊர் கல்லிடைக்குறிச்சி. அப்பளத்துக்குப் பேர்போன இடம். அம்மா முப்பது வருஷமாக அடுத்தவர்களுக்குக் கிலோக் கூலிக்கு அப்பளம் இட்டவள். அந்த வேலையும் நின்றுபோயிருந்தது. கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடக்கூடாது என்று ஆன பிறகு சமையல்காரர்களிடமிருந்து ஆர்டர் எங்கே வரும்? "மூட்டையாத்தானே போகல, 100 கிராம் பாக்கெட்டா போட்டா வீட்டுக்கு வாங்குவாங்கள்லா?" என்று கேட்டது என் மனைவி. கோட்டித்தனமாகப் பட்டது. வேறு வழியும் தெரியவில்லை.

காகித வேலை நான் பயந்த அளவுக்கு இல்லை. வருஷ விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்ததால் உணவுப் பாதுகாப்பில் லைசென்ஸ் தேவைப்படவில்லை, பதிவு போதும் என்றார்கள். அப்போது வருஷத்துக்கு 100 ரூபாய். 14 இலக்க எண் வந்தது. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு அந்த ஜூலையில்தான் புதிதாக ஆரம்பித்திருந்தது. காசே கிடையாது, அப்போது ஆதார் இருந்தாலே போதுமாக இருந்தது. அதற்கு 1,500 ரூபாய் கேட்ட ஆளும் உண்டு, அது வேறு கதை.

வங்கிதான் இழுத்தடித்தது. முத்ரா என்கிற அரசுக் கடன் திட்டத்தில் சிசு பிரிவு, 50,000 வரை, அடமானம் வேண்டாம் என்பது விதி. நான் போன கிளையில் முதல் கேள்வியே "நகை ஏதாவது இருக்கா?" நாலு தடவை நடந்து, ஐப்பசியில் 40,000 கிடைத்தது. அதில்தான் மாவு பிசையும் மெஷின் வாங்கினோம், பழசு. விற்றவர் தொழிலையே மூடிக்கொண்டிருந்தார். சீப்பாகத்தான் கிடைத்தது, மறைப்பானேன். வண்டியில் ஏற்றும் முன் அவர் ஒரு ஈரத்துணியைக் கொண்டுவந்து மெஷினைச் சுற்றிலும் துடைத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு பேரம் பேசி மிச்சம் பிடித்ததைப் பற்றி நான் யாரிடமும் பெருமையடிக்கவில்லை.

உளுந்து மாவில் உப்பு, அப்பளக்காரம், பெருங்காயம், பிரண்டைச் சாறு. மெஷின் பிசைந்து கொடுத்தாலும் அம்மா விடமாட்டாள். உருண்டையை எண்ணெய் தொட்டு இரண்டு கையாலும் இழுப்பாள். நீண்டு வந்தால் சரி. பொசுக்கென்று அறுந்தால் "இன்னும் நாலு அடி அடிய்யா" என்று உலக்கையைக் காட்டுவாள். பிறகு கயிறாகத் திரித்து, நூலால் துண்டு துண்டாக அறுத்து, இடுவது. காயப்போடுவதில்தான் சூட்சுமம். உச்சிவெயிலில் போட்டால் ஓரம் சுருண்டு நொறுங்கும், நிழலிலேயே விட்டால் உள்ளே ஈரம் நிற்கும். நான் அவசரக்காரன். 2021 பொங்கல் நேரத்தில் தாமிரவருணியில் வெள்ளம் வரும் அளவுக்கு மழை கொட்டியதே, அப்போது ஃபேன் காற்றில் உலர்த்திப் பாக்கெட் போட்டு விட்டேன். பத்தாம் நாள் அம்பாசமுத்திரத்துக் கடை அண்ணாச்சி ஒரு பாக்கெட்டைப் பிரித்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். பச்சையாகப் பூஞ்சணம். 14 கிலோ திரும்பி வந்தது. அந்த அண்ணாச்சிதான், அதற்கு முன்பு, பேக்கிங் மாதமும் எம்ஆர்பியும் இல்லாமல் நான் அச்சடித்த ஆயிரம் ஸ்டிக்கரையும் "இத வச்சிக்கிட்டா என் கடைக்கு வந்தீரு?" என்று திருப்பி அனுப்பியவர்.

அந்த 14 கிலோ நஷ்டத்தை எழுத உட்கார்ந்தபோதுதான் பெரிய ஓட்டை தெரிந்தது. ஒரு கிலோ மாவுக்குச் சுமார் ஒரு கிலோ அப்பளம். மாவு 120, மற்ற சாமான் 15, கவரும் ஸ்டிக்கரும் 12, ஆக 147. பாக்கெட் 18 வீதம் கடைக்குப் போட்டால் கிலோவுக்கு 180. மிச்சம் 33 என்று ஆறு மாதமாக மார்தட்டிக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் பிரண்டை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எய்யா, வெளிய இட்டா கிலோவுக்கு 40 ரூவா தருவாங்க. ஒனக்கு இட்டா சோறு மட்டுந்தான். இதுல லாபம் எங்கேருந்து வருது?"

40 ரூபாயைச் சேர்த்து எழுதினேன். கிலோவுக்கு 7 ரூபாய் நஷ்டம். என் பெட்ரோலையும் மனைவி பாக்கெட் போட்ட நேரத்தையும் இன்னும் சேர்க்கவில்லை. வெளியாள் ஒருத்தரை வேலைக்கு வைத்திருந்தால் முதல் மாதமே இது தெரிந்திருக்கும். மந்த காலத்தில் வீட்டு ஆள்தான் பலம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பலம்தான் கண்ணை மறைத்தது.

பாக்கெட்டை 18-லிருந்து 23 ஆக்கினேன். வீரவநல்லூரிலும் முக்கூடலிலும் ஐந்து கடை உடனே கைவிட்டன. சேரன்மாதேவியில் இரண்டு கடை கடனுக்கு என்றால் எடுக்கிறோம் என்றன; அவற்றை நானே விட்டேன். மிஞ்சியவை ஒன்பது. அம்பாசமுத்திரத்து அண்ணாச்சி, "இந்த ரேட்ட நீரு மொதல்லயே சொல்லியிருக்கணும் வே" என்று சொல்லிவிட்டு வழக்கமான சரக்கை இறக்கச் சொன்னார்.

இப்போது சனிக்கிழமை சாயங்காலம் நோட்டு விரிகிறது. முதல் வரி அம்மா. கிலோ, தொகை, கையெழுத்து. பணத்தை இரண்டு தரம் எண்ணித்தான் முந்தானையில் முடிந்துகொள்வாள். பக்கத்து வீட்டு அக்காவும் 2021 சித்திரையிலிருந்து இட வருகிறாள், அவளுக்கும் அதே கூலி. என் பேருக்கு நேரே முதல்முதலாகத் தொகை எழுதியது அந்த வருஷம் தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை: 3,000 ரூபாய். கையெழுத்துப் போட மறந்துவிட்டேன். அம்மா நோட்டைத் திருப்பிப் பேனாவை நீட்டினாள்.