டிசிஎன் எங்கிருந்து கிளம்புதுன்னு தேடிப் போறது

ஸ்விட்ச்சுங்களுக்குள்ள ஓடுற ஸ்பேனிங் ட்ரீ (எஸ்டிபி) லூப்பை, அதாவது டேட்டா வட்டமா சுத்திக்கிட்டே இருக்கறதைத் தடுக்கும்னு சொல்லிட்டு எல்லாரும் அதோட விட்டுடறாங்க. நெட்வொர்க்ல ஏதோ மாறிடுச்சுன்னு டிசிஎன் (டோபாலஜி சேஞ்ச் நோட்டிஃபிகேஷன்) மூலமா அது மத்த ஸ்விட்ச்சுக்கெல்லாம் எப்படி தகவல் சொல்லுதுங்கறது எனக்கு அதைவிட முக்கியமா படுது, ஏன்னா கஞ்சிக்கோடு, வாளையார் பக்கம் வேலை பாக்குறப்ப "நெட் இருக்கு, ஆனா அப்பப்ப இழுக்குது"ன்னு வர்ற கம்ப்ளைண்ட்ல பல தடவை அடியில இதுதான் இருக்கும்.

பழைய ஸ்பேனிங் ட்ரீயான 802.1டி-ல, ஸ்விட்ச்சுங்க தங்களுக்குள்ள பேசிக்கற பிபிடியுங்கற செய்தி எல்லாமே தலைமை ஸ்விட்ச்சான ரூட்ல இருந்து கீழதான் இறங்கி வரும், மேல ஏறிப் போறது டிசிஎன் மட்டும்தான். ஒரு போர்ட் ஃபார்வர்டிங்குக்கு, அதாவது டேட்டாவைக் கடத்துற நிலைக்கு வந்தாலும் சரி, ஃபார்வர்டிங்ல இருந்தது விழுந்தாலும் சரி, அந்த ஸ்விட்ச் ரூட் பக்கம் போற தன்னோட ரூட் போர்ட் வழியா டிசிஎன் அனுப்பும், மேல இருக்குற ஸ்விட்ச் டிசிஏ பிட்டைப் போட்டு "வந்துச்சு"ன்னு சொல்ற வரைக்கும் 2 செகண்டுக்கு ஒருக்கா விடாம அனுப்பிட்டே இருக்கும். அப்படியே படிப்படியா ரூட்டுக்குப் போய் சேர்ந்ததும், ரூட் தன்னோட பிபிடியுல டிசி (டோபாலஜி சேஞ்ச்) பிட்டை வெச்சு 35 செகண்ட் எல்லாருக்கும் சொல்லும், எஸ்டிபி டைமர்ல மேக்ஸ் ஏஜ் 20, ஃபார்வர்ட் டிலே 15, அந்த ரெண்டும் சேர்ந்ததுதான் இந்த 35. அதைப் பாத்த ஸ்விட்ச் எல்லாம், எந்தப் பெட்டியோட மேக் அட்ரஸ் எந்த போர்ட்லன்னு குறிச்சு வெச்சிருக்குற மேக் டேபிளோட ஏஜிங் டைமை, அதாவது மறக்குற நேரத்தை 300 செகண்ட்ல இருந்து 15-க்கு இறக்கிடும். இல்லேன்னா வழி மாறின பிறகும் 5 நிமிஷம் வரைக்கும் பழைய போர்ட்டுக்கே ஃப்ரேமை அனுப்பிட்டு இருக்கும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனா 15 செகண்டுக்கு மேல வாயே திறக்காத பெட்டியோட மேக் மறந்து போயிடும், அதுக்கு வர்றதெல்லாம் அந்த விலான்ல (நெட்வொர்க்கைப் பிரிச்சு வெச்ச பகுதி) இருக்குற எல்லா போர்ட்டுக்கும் பரவி ஃப்ளட் ஆகும். யூடிபில வீடியோவை வாங்கிட்டு பதிலே பேசாத ரெக்கார்டர் ஒண்ணு அங்க இருந்தா 100 எம்பிபிஎஸ் போர்ட்டெல்லாம் திணறிப் போகும்.

இதுல பெரிய சிக்கல், டிசிஎன் மொத்தமே 4 பைட்டுதான். ப்ரோட்டோகால் ஐடி, வெர்ஷன், டைப், அவ்வளவுதான். எந்த ஸ்விட்ச், எந்த போர்ட், எதுவுமே அதுல கிடையாது. ரூட்டுக்கே தெரியாதுங்க. நாமதான் நடக்கணும்.

ஒரு மில்லுல எடவப்பாதி மழை நேரத்துல இப்படித்தான் தேடிப் போனேன். சிஸ்கோ ஸ்விட்ச்தான், ரூட்ல ஷோ ஸ்பேனிங்-ட்ரீ டீடெய்ல் போட்டா டோபாலஜி சேஞ்ச் எத்தனை, கடைசியா எப்ப, எந்த போர்ட்ல இருந்து வந்துச்சுன்னு மூணும் வரும். அந்த போர்ட்ல இருக்குற நெய்பரைப் பாத்து அடுத்த ஸ்விட்ச், அங்கேயும் அதே கமாண்ட். ஆஃபீஸ், குடோன், கடைசியா வே பிரிட்ஜ் (லாரி எடை மேடை) கேபின். அங்க கொழிஞ்சாம்பாறைக்காரத் தம்பி, "கரண்ட் ஒரு வெட்டு வெட்டுனாலே சிஸ்டம் ஆஃப் ஆயிருதுங்ணா, யூபிஎஸ் பேட்டரி போய் ரொம்ப நாளாச்சு"ன்னான். சிஸ்டம் ஆஃப் ஆனா ஒரு டிசிஎன், ஆன் ஆகி போர்ட் ஃபார்வர்டிங்குக்கு வந்தா இன்னொண்ணு. ஒத்த பிசிக்காக மில்லு முழுக்க மேக் டேபிள் சுருங்குது.

அந்த போர்ட்டுக்கு, அதுல பிசி மாதிரி கடைசிப் பெட்டிதான் இருக்குன்னு சொல்ற போர்ட்ஃபாஸ்ட் செட்டிங் போட்டதும் கவுண்ட் ஏறுறது நின்னுச்சு. போர்ட்ஃபாஸ்ட்னா பிசி சீக்கிரம் கனெக்ட் ஆகும்னு மட்டும்தான் நிறைய பேரு நினைக்கறாங்க, லிங்க் விழுந்து எழுந்தாலும் டிசிஎன் போகாதுங்கறதுதான் எனக்கு அதுல பெரிய லாபம். கூடவே பிபிடியு கார்டும் போட்டுடுங்க, யாராவது அதுல ஒரு ஸ்விட்ச்சைக் கொண்டாந்து சொருகுனா போர்ட் மூடிக்கும்.

ஸ்பேனிங் ட்ரீயோட வேகமான புது வடிவம் ரேபிட் எஸ்டிபிக்கு மாறிட்டா இதெல்லாம் வேண்டாம்னு ஒரு பேச்சு இருக்கு, அது தப்பு. 2001-ல 802.1டபிள்யூன்னு வந்த அதுல லிங்க் விழுந்தா டிசி கிடையாதுங்கறது நெசம், ஆனா எட்ஜ்னு (சிஸ்கோல போர்ட்ஃபாஸ்ட்) சொல்லாத போர்ட் ஃபார்வர்டிங்குக்கு வந்தா அப்பவும் டிசி உண்டு. ரூட் வரைக்கும் போய் வரவும் வேண்டாம், மாத்தத்தைக் கண்ட ஸ்விட்ச்சே நேரா பரப்பிடும், வாங்குன ஸ்விட்ச் அந்த டிசி வந்த போர்ட்டை விட்டுட்டு மத்த போர்ட்ல கத்துக்கிட்ட மேக்கை எல்லாம் உடனே அழிச்சுடும். அந்த 15 செகண்ட் அவகாசம்கூட அதுல இல்ல, அதனால பிசி போற போர்ட் ஒவ்வொண்ணையும் எட்ஜ்னு சொல்லி வைங்க.